கடைசி வகுப்பு, முதல் பெஞ்சு

பிள்ளைகளைப் பாஸாக்குவதுகூட எளிது, பாஸான பிள்ளைகளுக்கு விழா எடுத்து வழியனுப்புவதுதான் ஆசிரியத் தொழிலிலேயே முதுகை ஒடிக்கிற வேலை. பந்தல்காரரிடம் கெஞ்சி, மைக்செட்காரரிடம் சண்டை போட்டு, விழா அன்று தொண்டை கட்டிப்போய் ஊமையாக நின்று அனுபவப்பட்ட சக டீச்சர்மார்களே, சார்மார்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் நாகர்கோவில்காரி. திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கழக்கூட்டத்தில் ஹைவேயை விட்டு இறங்குகிற ஒரு சந்தில், முற்றத்தில் பலாமரம் நிற்கிற பழைய மாடி வீடுதான் எங்கள் பள்ளிக்கூடம். யூனிஃபார்ம் கிடையாது, ராங்க் கிடையாது. பெரிய பள்ளிக்கூடங்களில் ஒத்துப்போகாமல் வெளியே வந்த பிள்ளைகளைச் சேர்த்து, பிளஸ் டூவைத் தனித்தேர்வாக எழுத வைக்கிறோம். ஷீபா டீச்சர்தான் தலைமை. நான் கணக்கு டீச்சர், விழா என்று வந்தால் எடுபிடியும் நானே. மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரு வேனில் அடங்கிவிடும். ஆனாலும் விழா முடியும்போது ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்த அலுப்பு எனக்கு.

வி.ஐ.பி. இல்லாத பந்தல்

எங்கள் விழாவில் மேடை இல்லை, பொன்னாடை இல்லை, நீண்ட சொற்பொழிவும் இல்லை. பதிலுக்குக் 'கடைசி வகுப்பு' என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முடித்துப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்கு டீச்சர். தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் பாடமாக எடுக்கவேண்டும். நாங்களும் பெற்றோரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கவேண்டும். முதல் பெஞ்சில் யார் உட்காரவேண்டும் என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்யும். அந்த ஆள் வந்து உட்கார்ந்து, பேர் கூப்பிட்டதும் ஆஜர் சொன்ன பிறகே வகுப்பு தொடங்கும்.

இதைப் பந்தல்காரருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாண மாப்பிள்ளை உட்காருகிற இரண்டு சிம்மாசன நாற்காலிகளை அவர் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தலைமை விருந்தினரே கிடையாது, திருப்பி ஏற்றுங்கள் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்தார். "சீஃப் கெஸ்ட் இல்லாத்த ஒரு விழாப் பரிபாடி நான் இதுவரை கண்டதில்ல டீச்சரே. பின்னே யாருக்காகக் காத்திருந்து லேட்டா தொடங்குவீங்க?"

சுபாவின் அப்பா

சுபா அதிகம் பேசமாட்டாள். முன்பு படித்த பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்பில், எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். தமிழும் மலையாளமும் கலந்து வந்த அந்தப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சரும் சேர்ந்து சிரித்ததுதான் கொடுமை. அன்றைக்கு மூடிய வாய். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டாள். எங்களிடம் வந்த முதல் நாளும், உள்ளே வரமாட்டேன் என்று சந்துமுனை டீக்கடையிலேயே நின்றுகொண்டாள். அவளுடைய அப்பா முத்துப்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரர். கட்டுகிற ஃப்ளாட்டுகளில் டைல்ஸ் பதிக்கிற வேலை. "ஒரு நாள் மட்டும் இருந்துட்டு வா தாயி. பிடிக்கலன்னா கெளம்பிருவோம். நான் இங்கனயேதான் நிப்பேன்" என்றார். சொன்னபடியே வேலைக்குப் போகாமல் சாயங்காலம் வரை டீக்கடையில் நின்றார். அன்றைக்கு உள்ளே வந்தவள்தான், இப்போது பிளஸ் டூ பாஸ்.

அந்த அப்பாவைத்தான் முதல் பெஞ்சுக்குக் கேட்டாள். அவர் வராவிட்டால் வகுப்பே எடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சிக்கல் என்னவென்றால், மனிதர் இத்தனை காலத்தில் எங்கள் கேட்டைத் தாண்டியதே இல்லை. தினமும் பைக்கில் கொண்டுவந்து டீக்கடை முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சேர்க்கைக் கையெழுத்தைக்கூட ஷீபா டீச்சர் டீக்கடைக்கே போய்த்தான் வாங்கிவந்தார். நான் நேரில் போய், "அண்ணாச்சி, விழாவுக்குக் கட்டாயம் வரணும்" என்று அழைத்தேன். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல என்னய ஒரு நாளும் நல்லதுக்குக் கூப்பிட்டதில்ல டீச்சர். கூப்பிட்டா ஏச்சுதான். புள்ள பாஸாயிட்டால்லா, அது போதும். நான் எதுக்கு?"

தூங்குவது எப்படி

எல்லாரும் என்ன பாடம் எடுக்கப்போகிறீர்கள் என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவைப்பது என் வழக்கம். அதுல் என்கிற பையன் எடுக்கவிருந்த பாடம், 'வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எப்படி.' எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவனுக்கு வகுத்தலைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒத்திகை பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன்.

பாவிப் பயல் பிரமாதமாக எடுத்தான். எந்தக் கையில் தாடையைத் தாங்கவேண்டும், டீச்சர் பலகைப் பக்கம் திரும்பும்போது எப்படி இமையை இறக்கவேண்டும், தூக்கத்திலேயே எப்படித் தலையாட்டவேண்டும் என்று செய்தே காட்டினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் மானப் பிரச்சினையாயிற்றே. "டேய், உண்மையைச் சொல்லு, இதையெல்லாம் என் வகுப்பிலா பழகினே?" என்று கேட்டேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயோ டீச்சரே, நீங்க போடுற சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்களே பகல்ல உறங்குறதில்ல."

கறுப்பு அங்கி

அதுலின் அம்மா பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். வந்தவர் ஒரே பிடியாக நின்றார். பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்டு மகனை ஒரு போட்டோ எடுக்கவேண்டும். ஷீபா டீச்சர் கூடவே கூடாது என்றார். வேஷம் போடுகிற பள்ளிக்கூடம் நம்முடையது இல்லை என்பது அவர் கட்சி. அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்துக்கொண்டுபோய்ச் சொன்னார். இவன் படிப்பை நிறுத்திய அன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்களாம். அதே குரூப்பில் இந்தப் போட்டோவைப் போடவேண்டுமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. கொள்கை ஷீபா டீச்சரிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று நான் பழவங்காடிக்கு பஸ் ஏறினேன்.

பிள்ளையார் கோவிலுக்குத் தேங்காய் உடைக்க வந்த கூட்டத்தை இடித்துக்கொண்டு, டான்ஸ் டிரெஸ் வாடகைக்கு விடுகிற கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் தமிழர்தான். உள்ளே போய்த் துழாவி, வக்கீல் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கழுத்தில் வெள்ளைப் பட்டை வேறு. இது வக்கீல் அங்கி ஆயிற்றே, தொப்பி எங்கே என்றேன். அவர் அசரவே இல்லை. "கறுப்பா இருக்கா, முட்டிக்குக் கீழ வருதா, போட்டோவுல யாரும்மா பார்க்கப்போறா? தொப்பி ஸ்டாக் இல்ல. வேணும்னா மகாபலி கிரீடம் இருக்கு, ஓணம் வரைக்கும் சும்மாதான் கிடக்கும், கொண்டுபோங்க."

பெயர்ந்த டைல்

விழா நெருங்க நெருங்க எனக்குச் சுபாவின் முதல் பெஞ்சுதான் கவலை. ஷீபா டீச்சர் ஒரு தந்திரம் சொன்னார். கீழ் வகுப்பறையில் ஒரு டைல் பெயர்ந்து கிடக்கிறது. அதைப் பதிக்கிற சாக்கில் முத்துப்பாண்டி அண்ணாச்சியை வரவழைத்து, வந்த மனுஷரைப் பிடித்து உட்காரவைத்து டீ கொடுத்துக் கூச்சத்தைப் போக்கிவிடலாம். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. போன் போட்டேன். வருகிறேன் என்றுதான் சொன்னார்.

வந்தது அவரோடு வேலை செய்கிற இன்னொரு ஆள். வாயில் வெற்றிலையோடு வந்து, கண் மூடித் திறப்பதற்குள் டைலைப் பதித்துவிட்டார். நாங்கள் டீக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிவைத்திருந்த பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, ஒன்று விடாமல் சாப்பிட்டார். முத்துப்பாண்டி அண்ணாச்சி ஏன் வரவில்லை என்று நான் மெதுவாகக் கேட்டேன். "அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. டைலு ஒண்ணுதாம்ல பேந்திருக்கும், டீச்சருக வேற என்னத்துக்கோ கூப்பிடுதாக, நீ போயிட்டு வான்னு."

இதைக் கேட்டுக்கொண்டு படியில் நின்ற சுபாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஏமாத்திக் கூட்டிட்டு வராதீங்க டீச்சர். நானே கூப்பிட்டுக்கிடுதேன்."

ரோட்டில் ஒரு வகுப்பு

விழா நாள் வந்தது. முதல் வகுப்பு அதுலுடையது. வக்கீல் கோட்டும் மகாபலி கிரீடமுமாக நின்று, தூங்குவது எப்படி என்று பாடம் எடுத்தான். அவன் அம்மா சிரித்துச் சிரித்து, எடுத்த போட்டோ எல்லாம் ஆடிப்போய்விட்டது. எடுத்தவரைக்கும் குரூப்பில் போட்டுவிட்டார். ஷீபா டீச்சரே கடைசியில் அந்தக் கிரீடத்தை ஒரு தடவை தலையில் வைத்துப் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது நிஷா. வித்துராவுக்கு மேலே மலைப்பக்கத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். வந்த புதிதில் கழக்கூட்டம் ஹைவேயைத் தாண்டப் பயந்து, இந்தப் பக்கமே நின்று அழுதிருக்கிறாள். அவள் எடுத்த பாடம் 'ஹைவேயைக் கடப்பது எப்படி.' செய்முறை வகுப்பு வேறு. எங்கள் எல்லாரையும் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்கவைத்து, சந்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். பட்டுப்புடவைகளும் இஸ்திரி போட்ட சட்டைகளுமாக நாங்கள் வரிசையாகக் கடக்க, டிராஃபிக் போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று நிஷா அவரிடம் முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தாளாம். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கொச்சே, பிள்ளைங்கன்னுதானே சொன்னே? இதுல பாதிப் பேர் எனக்கு மூத்தவங்களா இருக்காங்களே!"

ஆஜர்

கடைசி வகுப்பு சுபாவுடையது. பலகையில் 'சந்தேகம் கேட்பது எப்படி' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிட்டுத் திரும்பினாள். முதல் பெஞ்சு காலி. ஹைவேயையே கடந்துவிட்டு வந்த கூட்டம் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தது. அவள் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நாங்கள் நாகரிகம் பார்க்காமல் கேட்டுக்கு ஓடி எட்டிப் பார்த்தோம். டீக்கடை முன்னால் அவளுடைய அப்பா பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இறக்கிவிட்ட பிறகு அன்றைக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் அதே ஹெல்மெட். சுபா அவர் முன்னால் போய் நின்றாள். "ஒரு கிளாஸ் மட்டும் இருந்துட்டு வாங்கப்பா. பிடிக்கலன்னா கெளம்பிருவோம். நான் அங்கனயேதான் நிப்பேன்" என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஹெல்மெட்டை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு அவள் பின்னால் நடந்து வந்தார். கேட்டில் செருப்பைக் கழற்றினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

முதல் பெஞ்சில் விளிம்போரமாக உட்கார்ந்தவரைச் சுபா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "முத்துப்பாண்டி!" பெற்றோர் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் விசுக்கென்று எழுந்து, கையைக் கட்டி, "உள்ளேன் ஐயா!" என்றார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், சுபாதான் அதிகம் சிரித்தாள்.

பாடம் மலையாளமும் தமிழும் கலந்துதான் போனது. கையைப் பாதியில் இறக்கக்கூடாது. யாராவது சிரித்தால் சிரித்து முடிக்கட்டும், பிறகு முதலிலிருந்து கேட்கவேண்டும். இவ்வளவுதான் பாடம். சொல்லிவிட்டு எல்லாரையும் கேட்கச் சொன்னாள். அதுலின் அம்மா கேட்டார், நான் கேட்டேன், ஷீபா டீச்சர் இரண்டு தடவை கேட்டார். வகுப்பு முடிகிற நேரம், முதல் பெஞ்சில் ஒரு கை பாதி உயர்ந்து, தயங்கி இறங்கப் பார்த்தது. அந்தக் கையின் நகக்கண்ணில் சிமெண்ட் வெள்ளையாகப் படிந்திருந்தது. "பாதியில இறக்கக் கூடாது" என்றாள் சுபா. கை முழுசாக மேலே போனது. முத்துப்பாண்டி அண்ணாச்சி எழுந்து நின்று, மகளை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கும் கிளாஸ் உண்டா டீச்சர்?"

பிள்ளைகளை வெளியே அனுப்பத்தான் வருஷா வருஷம் இத்தனை பாடுபட்டு விழா எடுக்கிறோம், கடைசியில் பார்த்தால் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறோம்.