சூரியக் காற்றுக்குச் சாட்சி

அவர் உயரமான மீனவர். பேசுமுன் விரலை நாக்கில் நனைத்து உயர்த்திக் காற்றைப் பார்ப்பார். தோட்டவெளிக் கிராமத்தில் என் வீட்டுக் கதிரையில் இருந்தபோதும் அப்படித்தான் செய்தார்.

கடலில் ஜிபிஎஸ் இடம் பிசகிக் காட்டியதால், அவருடைய வலை இன்னொருவரின் வலைமேல் விழுந்து இரண்டும் கிழிந்திருந்தன. வேண்டுமென்றே செய்தார் என்று மீனவர் சங்கத்தில் முறைப்பாடு. குற்றம் உறுதியானால் ஒரு மாதம் கடலுக்குப் போக முடியாது.

அந்நாட்களில் சூரியனிலிருந்து வீசிய பிளாஸ்மாக் காற்று பூமியைச் சுற்றியுள்ள வெளியைக் குலைத்திருந்தது. அதனால் ஜிபிஎஸ்ஸுக்கு வரும் செய்மதிச் சமிக்ஞைகள் பிசகும் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன்.

“இந்தக் காத்து விரலுக்குத் தெரியாதோ, சேர்?”

“தெரியாது.”

“அப்ப சங்கத்தில நீங்கள்தான் சொல்ல வேணும். நான் சொன்னால் சிரிப்பினம்.”

ஞாயிறு பூசைக்குப் பின் சங்கம் கூடியது. ஜிபிஎஸ் பிசகியது சூரியக் காற்றால் என்றும், அதை நான் விளக்குவேன் என்றும் அவர் சொன்னார்.

“சூரியக் காத்தாம். இவருக்கு மட்டும் அடிச்சதோ?” என்றார் முறைப்பாடு செய்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். “அப்பிடி நடக்குமோ, சேர்?”

நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன்.

“உறுதியாய்ச் சொல்ல ஏலாது” என்றேன்.

தடை விதித்தார்கள்.

அவரே மோட்டார் சைக்கிளில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். படலை வாசலில், “மெல்ல இறங்குங்கோ சேர், மணல் புதையும்” என்று என் கையைப் பிடித்தார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.