துடைத்துவிட்ட பசை

என் கணவர் எதையாவது சுத்தம் செய்ய ஆரம்பித்தால் எனக்குப் பயம்தான். வீட்டு வாசலிலேயே பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். அந்த ஆயுத பூஜைக்கு ஸ்பானர்கள் எல்லாம் பளபளத்த பிறகும் கை அடங்காமல், என் கம்ப்யூட்டரையும் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுவிட்டார். நானும் பெருமையாகப் போட்டோ எடுத்தேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். பூஜைக்குப் பிறகு வந்த முதல் பெரிய வேலை, ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஒரு பெண்ணுடையது. கல்யாணம் செங்கத்தில் நடந்தது. அவளுடைய அப்பா வரவில்லை. சாமைக் கதிர்க் கட்டைச் சுமந்து வரும்போது பாறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தார்.

"நாளைக்கு விடிகாலைல திருப்பூருக்குப் பஸ் ஏறணுங்க்கா. அதுக்குள்ள எங்கப்பாகூட ஒக்காந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போவணும்" என்று அன்று விடிந்ததும் போனில் சொன்னாள். இன்று சாயங்காலமே தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

எடிட் செய்த துண்டுகளையெல்லாம் ஒரே வீடியோவாக்கும் வேலையைக் காலை ஏழு மணிக்கு ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. என் லினக்ஸில் ஒரு கட்டளை தட்டினால் பிராசசரின் சூடு தெரியும். பார்த்தால் தொண்ணூற்றெட்டு டிகிரி. ஃபேன் என்னவோ ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்னால் நின்றிருந்த கணவர் மெதுவாக, "அந்த ஃபேனுக்கு அடியில பழைய கிரீஸ் காஞ்சி கெடந்துச்சி. தொடச்சி எடுத்துட்டேன்" என்றார்.

"இன்னாது?"

"சுத்துற சாமானுக்குத்தான கிரீஸு? அது சும்மாதான ஒக்காந்துனு இருக்குது?"

அது கிரீஸ் இல்லை. பிராசசரின் சூட்டை மேலே இருக்கும் அலுமினியத்துக்குக் கடத்துகிற பசை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். "திருப்பத்தூர் போயி வாங்கினு வர்றேன்" என்று சாவியை எடுத்தார். கடை திறந்து, கிடைத்து, திரும்பி வர மதியம் ஆகிவிடும். கிடைக்காவிட்டால்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொரு கட்டளையால் பிராசசரின் வேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்தேன். சூடு எண்பதுக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு மணி நேர வேலைக்கு ஏழு மணி நேரம் காட்டியது.

நான் கோபத்தில் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவர் கடையைத் திறக்கவே இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "எம்பத்தி ரெண்டு... எம்பத்தி ஒண்ணு..." என்று பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர்போல் எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். சோறு போட்டுக் கொடுத்தபோதும் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். அதற்கு மேல் அந்த மனுஷன்மேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

மூன்று மணிக்கு முடிந்தது. அவர் பைக்கிலேயே மலையேறினோம்.

அந்தப் பெண் வீடியோவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, கட்டிலில் அப்பாவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். தாலி கட்டும் இடம் வந்தது. கெட்டிமேளம் கேட்டது, அட்சதை விழுந்தது, அதற்குள் முடிந்துவிட்டது.

"இன்னா யம்மா, இவ்ளோ வேகமா போவுது? கொஞ்சம் மெள்ள வுடு" என்றார் அவள் அப்பா என்னிடம்.

போனை வாங்கி, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தேன். தாலி மெல்ல மெல்ல அவள் கழுத்துக்கு வந்தது. வாசலில் நின்ற என் கணவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை அப்படியே போடச் சொன்னார். மூன்றாவது முறை முடிந்த பிறகுதான் மகளின் கையை விட்டார்.