லொறிக்கு ஒதுங்கியவள்

அதிபரின் அறையில் கூட்டம். பள்ளிக்கூடத்துக்கு வந்த அரசாங்கப் பணம் ஒன்றுக்குத்தான் போதும். ஆய்வுகூடம் கட்டுவதா, மலையை வெட்டி மைதானம் போடுவதா? விஞ்ஞான ஆசிரியையான நான் ஆய்வுகூடத்தைத்தான் கேட்பேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்போது வெளியே தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஹோர்ன் அடித்தது.

அந்தச் சத்தம் என்னைப் பன்னிரண்டு வயதுக்கு இழுத்துப்போனது. இதே பள்ளிக்கூடம்தான். மைதானம் இல்லாததால் தோட்டத்து ரோட்டில் ஓடிப் பழகினோம். பச்சைக் கொழுந்து வாசனையோடு லொறி வரும். ஹோர்ன் கேட்டதும் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒதுங்கி நிற்போம்.

பலாங்கொடையில் நடந்த போட்டியில் நான்தான் முன்னால் ஓடினேன். மைதானத்துக்கு வெளியே ஏதோ ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. என் கால்கள் தாமாகவே ஓடுபாதையின் பக்கக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி நின்றுவிட்டன. எல்லாரும் என்னைக் கடந்து ஓடினார்கள். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அம்மா கத்தினார்: "ஏன்டி நின்ன? ஓடு புள்ள, அது நம்ம லொறி இல்ல!"

"டீச்சர், நீங்க சொல்லுங்க," என்றார் அதிபர்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கான் ஓரமாக வரிசையாய் ஒதுங்கி நின்றார்கள்.

"மைதானம்தான் சேர். லேப்புக்கு அடுத்த வருஷம் நானே வந்து சண்ட போடுறேன்."