இடம் பிடித்த தொட்டிகள்

சூலியா தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தை ஒரு மாதம் தோட்டமாக்க நாங்கள் நான்கு நண்பர்கள் முறையாக அனுமதி வாங்கினோம். பதினெட்டுப் பூந்தொட்டிகளும் ஒரு பெஞ்சும் வைத்தோம். எங்கள் ஊரில் தெருவில் தொட்டி வைத்தால் காருக்கு இடம் பிடித்திருப்பதாகவே அர்த்தம். எங்கள் வீட்டு வாசலிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. அன்று ஏனோ அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. பக்கத்து மசாலாக் கடை அக்கா மட்டும் விசாரித்தார்.

"தம்பி, காடி எப்ப வரும்?"

"காடி இல்லக்கா, காரு எதுவும் வராது. இது தோட்டம்."

"இத்தன தொட்டி வச்சிருக்கீங்க. லோரியா?"

எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துப் போனோம். ஒரு பண்டான் செடித் தொட்டியை மட்டும் மறந்துவிட்டோம். பத்து நாள் கழித்து அதை எடுக்கப் போனேன். தெரு முழுக்கக் கார்கள். அந்த இடம் மட்டும் காலி. அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"செடி காஞ்சா ஆளில்லன்னு எவனாச்சும் வந்து காடிய நிப்பாட்டிருவான்லா. உங்க லோரி இன்னும் வரலியே, தம்பி."

"கொஞ்சம் லேட்டாகும்க்கா" என்றேன்.