போர்ட் கிள்ளானிலிருந்து வந்த பிங்க் புத்தகம்

மே மாதத் தொடக்கத்தில் என் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. குச்சிங்கிலிருந்து கடல் தாண்டிக் கோலாலம்பூருக்கு. மூன்று வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அப்போது எனக்கு இருபத்தாறாவது வாரம்.

இராணுவக் குடும்பத்துக்கு மாற்றல் புதிதல்ல. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான்கு ஊர் பார்த்துவிட்டேன். ஆனால் இந்த முறை பெட்டி கட்ட எனக்குக் கை வரவில்லை. காரணம் சொல்கிறேன். குச்சிங்கில் எங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான். நத்தானியேல். இரண்டு வருடங்களுக்கு முன் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அவன் மூச்சு நின்றுவிட்டது. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், வேலி ஓரமாக அவனை வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ச் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். இனி யார் போய் நிற்பார்கள்?

நான் விட்டுப் பிரிய முடியாத இன்னொருவரும் அந்த ஊரில் இருந்தார். தாய்சேய் கிளினிக்கில் நர்ஸாக வேலை செய்யும் மிஸ்ஸி லூசியா. அந்தப் பக்கத்துப் பழங்குடியான இபான் இனத்தவர். நத்தானியேலைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தவர் அவர்தான். இந்தக் கர்ப்பத்துக்கும் அவரே என் பிங்க் புத்தகத்தை எழுதினார். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற அந்தப் புத்தகத்தில் முந்தைய பிரசவங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. குழந்தையின் பெயருக்கு அதில் இடமில்லை. மிஸ்ஸி லூசியா ஓரத்தில் சின்ன எழுத்தில் அவன் பெயரை எழுதிவைத்தார்.

கடைசி ஸ்கேனில் நஞ்சுக்கொடி கருப்பையின் வாய்க்கு மிகவும் அருகில் இருப்பதாகத் தெரிந்தது. "மேலே ஏறிவிடலாம். ஏறாமலும் போகலாம்" என்றார் டாக்டர். பிரயாணத்துக்குக் கடிதம் கொடுத்தார். மிஸ்ஸி லூசியா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய் இறங்கிய வாரமே பதிவு செய். இந்தப் புத்தகத்தைக் காட்டு. ஒன்றும் விடாமல் சொல்" என்றார். தலையாட்டினேன்.

கோலாலம்பூர் முகாமில் குடும்பக் குடியிருப்பு காலியாக இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கணவரின் நண்பர் கிள்ளானில் தன் மாடி வீட்டைக் கொடுத்தார். வந்து மூன்றாம் நாள் நான் பிங்க் புத்தகத்தைத் தேடினேன். கைப்பையில் இல்லை.

"கல்யாண சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கற நீல ஃபைல்ல வச்சேன்" என்றார் அவர். "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா சேஃப்னு நெனச்சேன்."

அந்த ஃபைல் பெட்டியில் இருந்தது. பெட்டி கப்பலில் இருந்தது.

அன்றைக்கே அவருக்கு இன்னொரு உத்தரவும் வந்திருந்தது. வடக்கே கெடா காட்டுப் பக்கம் ஐந்து வாரப் பயிற்சி. போனில் லைன் கிடைக்காத இடம். நான் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன்.

"அன்னைக்கும் நீங்க பக்கத்துல இல்ல. இப்பவும் இருக்கப் போறதில்ல."

நத்தானியேல் போன நாளில் அவர் எல்லைக் காவலில் இருந்தார். அதை ஒருநாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டு, என் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, படியிறங்கிப் போனார். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எத்தனை முறை போன் பண்ணியிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் பதிவுசெய்த குரல்தான் பேசியது.

அடுத்த நாள் கிளினிக்குக்குப் போனேன். இங்கே நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் யாரும் என்னை அலட்சியம் செய்யவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இதற்கு முன் எத்தனை கர்ப்பம்' என்று ஒரு கேள்வி. பேனா அங்கேயே நின்றுவிட்டது. குச்சிங்கில் எல்லாருக்கும் என் கதை தெரியும். யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வாய் திறந்து சொல்லாவிட்டால் மறுபடி அப்படி நடக்காது என்று ஏதோ ஒரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

பூஜ்யம் என்று எழுதினேன்.

கவுண்டரில் இருந்த பெண், "பழைய ஸ்கேன் எல்லாம் நார்மலா?" என்று கேட்டாள்.

"ஓகேதான்" என்றேன். நஞ்சுக்கொடி மேலே ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு பிரஷர் பார்த்து, இரத்தம் எடுத்து, டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். பிரச்சனை இல்லாத பெண்ணுக்கு அது சரியான தேதிதான்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். இப்போது நான் நின்று பேசுகிற இந்தச் சபைக்குள் முதல்முறையாக நுழைந்தது அன்றைக்குத்தான். பாட்டு எல்லாம் தெரிந்த பாட்டு. ஆனாலும் குச்சிங் சபையில் ஜன்னலோரம் நானும் அவரும் உட்காரும் பெஞ்சுதான் கண்ணுக்குள் நின்றது. ஆராதனை முடிந்ததும் ஒரு ஆன்டி அன்பாக வந்து என் கையில் பிஸ்கட் தட்டைக் கொடுத்தார்.

"எத்தன மாசம்மா? இது மொத பிள்ளையா?"

"ஆமா ஆன்டி. மொத பிள்ள" என்றேன்.

சொன்ன நிமிடமே உள்ளே ஏதோ அறுந்தது. படிவத்தில் எழுதியபோது கூட அப்படி வலிக்கவில்லை. பேதுரு ஆண்டவரை மறுதலித்துவிட்டு வெளியே போய் அழுததாகப் படித்திருக்கிறோம். நான் என் பிள்ளையை மறுதலித்துவிட்டு ரயிலில் அழுதேன். ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டும்வரை என்னால் நிறுத்த முடியவில்லை. எதிரே இருந்த மலாய்க்கார அம்மா ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை என் மடியில் வைத்தார்.

அந்த ரயிலில்தான் நான் ஜெபித்தேன். மாற்றல் வந்ததிலிருந்து வாயால் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். இது வேறு. "ஆண்டவரே, அவன் இருந்தான். நான் இல்லையென்று சொல்லிவிட்டேன். அவன் பேரை எழுதின அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். மறுபடி யார்கிட்டயும் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை." அவ்வளவுதான். ஆஸ்பத்திரியையோ டாக்டரையோ நான் கேட்கவில்லை. அந்தப் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் குச்சிங்குக்குப் போன் செய்தேன். கவாய் அறுவடைத் திருநாள் விடுமுறை. மிஸ்ஸி லூசியா தன் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய போனிலும் லைன் இல்லை. நான் நேசித்த எல்லாரும் லைன் கிடைக்காத இடத்தில் இருந்தார்கள்.

வியாழக்கிழமை என் உள்ளாடையில் ஒரு துளி சிவப்பு. ஒரே ஒரு துளி. பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். தங்கச்சிமார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யுங்கள். எனக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. புத்தகம் கையில் இருந்தால் உண்மையைச் சொல்லத் தைரியம் வரும் என்று மட்டும் தோன்றியது. சாமான் அனுப்பின ரசீதை எடுத்துக்கொண்டு போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில் ஏறினேன்.

கிடங்கைக் கண்டுபிடிக்க இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. லோரிகள் வரிசையாக நின்றன. வெயில். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. ஜமால் அங்கிள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"என்னம்மா இது, இந்த வயித்தோட இங்க வந்திருக்கே? மொதல்ல உக்காரு."

ரசீதைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"கண்டெய்னர் வந்திருச்சு. ஆனா இன்னும் தொறக்கல. செவ்வாக்கிழமதான் லிஸ்ட்ல இருக்கு. அதுக்கப்புறம்தான் லோரி வரும் லா."

"அங்கிள், ஏழாம் நம்பர் பெட்டி. மேல டோக்குமென்ட்னு எழுதியிருக்கும். அதுல என் பிங்க் புத்தகம் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவ்வளவு அவசரமா?"

நான் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கிளினிக்கிலும் சபையிலும் சொல்லாததை, மீன் வாடையும் டீசல் வாடையும் அடிக்கிற அந்த இடத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். "எனக்கு முன்னாடி ஒரு பிள்ள இருந்தான் அங்கிள். ஏழு மாசத்துல போயிட்டான். அது அந்தப் புத்தகத்துலதான் இருக்கு."

அவர் ரசீதின் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார். "என் மகளுக்கும் இப்ப எட்டு மாசம். ஜொகூர்ல இருக்கா. ஷிப்ட் இருக்கறதால என்னால போய்ப் பார்க்க முடியல. போன் நம்பரும் அட்ரஸும் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசறேன். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. "பெட்டி கெடச்சிருச்சு. ஜும்மா தொழுகை முடிஞ்சுது, நானே கொண்டு வரேன்." மோட்டார்சைக்கிளில் வந்தார். நீல ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் பிரிக்கல. உன் சொந்த விஷயம்."

அவர் முன்னாலேயே திறந்தேன். பிங்க் அட்டை. அந்தப் பக்கம். ஓரத்தில் சின்ன எழுத்தில் நத்தானியேல். விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன்.

"மொதல்ல கிளினிக்குக்குப் போ" என்றார் அங்கிள். "அழறத அங்க வச்சுக்கலாம்." அவரே கிராப் டாக்ஸி கூப்பிட்டு என்னை ஏற்றிவிட்டார்.

கிளினிக்கில் மலாய்க்கார மிஸ்ஸி ஒருவர் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். பிறகு ஸ்கேன் பக்கத்தில் நின்றார். என் படிவத்தை எடுத்து அதில் நான் எழுதியிருந்த பூஜ்யத்தைப் பார்த்தார்.

"ஏன் சொல்லலே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்ல முடியல" என்றேன். "நேத்து ஒரு துளி இரத்தமும் பட்டுச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்தபடியே டாக்டர் அறைக்குள் கூட்டிப்போனார். ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஏறவில்லை. கருப்பையின் வாயை முழுக்க மூடியிருந்தது. துணி எடுக்க வீட்டுக்குப் போகிறேன் என்றதற்கு விடவில்லை. ஆம்புலன்ஸில் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே நுரையீரல் வளர ஊசி போட்டு, எனக்குப் பொருந்தும் இரத்தத்தையும் ஒதுக்கிவைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் எல்லாரும் இங்கே பாடிக்கொண்டிருந்த நேரம், வார்டு படுக்கையில் எனக்கு இரத்தம் கொட்டியது. வலியே இல்லை. படுக்கை நனைந்ததுதான் தெரிந்தது. மணியை அழுத்தினேன். நான்கு பேர் ஓடிவந்தார்கள். அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகும்போது, "ஆண்டவரே, இவளையும் பேர் சொல்லிக் கூப்பிட விடும்" என்று கேட்டது நினைவிருக்கிறது.

பிற்பாடு டாக்டர் சொன்னார். அந்தக் காலையில் நான் மாடி வீட்டில் தனியாக இருந்திருந்தால், அல்லது ரயிலில் வந்துகொண்டிருந்தால், இரண்டு பேரையும் காப்பாற்றியிருப்பது கஷ்டம். நான் ஒரு பெயரைத்தான் கேட்டேன். ஆண்டவர் எங்கள் இரண்டு உயிரையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்.

மகள் முப்பத்தோராம் வாரத்தில் பிறந்தாள். முதல் நாள் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்த்தேன். துவாரத்தின் வழியாக ஒரு விரலை விட்டேன். பிடித்துக்கொண்டாள். தூக்கி மார்போடு வைத்துக்கொள்ள ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் என் கை சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தது.

முகாம் அதிகாரி மூலமாகச் செய்தி போய், என் கணவர் திங்கட்கிழமை மதியம் வந்தார். சீருடையில் காய்ந்த சேறு. வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"புத்தகத்த நான்தான் பெட்டியில வச்சேன்" என்றார். "என்னாலதான் உனக்கு..."

"நான்தான் அவனைப் பத்திச் சொல்லாம மறைச்சேன்" என்றேன். "அன்னைக்கு உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நத்தானியேல் போனபோது அவர் என் முன்னால் அழவில்லை. அன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன்.

மகளுக்கு இப்போது பத்து மாதம். ஜமால் அங்கிளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். நோன்புப் பெருநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார், போனோம். எனக்குக் குச்சிங் ஏக்கம் போகவில்லை. சில ஞாயிறுகளில், இங்கே கண்ணை மூடும்போது, அந்த வேலி ஓரம்தான் வருகிறது. அது போக வேண்டும் என்று நான் ஜெபிப்பதுமில்லை. அந்த ஏக்கத்தோடுதான் ஆண்டவர் முன்னால் நிற்கிறேன், அவரும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

ஆண்டவரிடம் நல்லதை மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். எழுத முடியாததையும் சொல்ல முடியாததையும் அவரிடம் கொண்டுபோங்கள். என் பொய்யை அவர் என் மேல் எறியவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி அனுப்பினார்.

இப்போது முகாமுக்கு மாற்றலாகி வருகிற கர்ப்பிணிப் பெண்களோடு நான் கிளினிக்குக்குப் போகிறேன். யாரும் கேட்டுச் செய்வதல்ல, எனக்கே போகத் தோன்றுகிறது. உங்களில் யாராவது ஊருக்குப் புதிதாக வந்து, இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள். நான் கூட வருகிறேன். எந்தக் கேள்வியிலாவது பேனா நின்றுவிட்டால், இரண்டு பேரும் கிளினிக் பெஞ்சிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருப்போம். பிறகு எழுதலாம்.