ஈரலுக்காக நான் சபையில் கத்திய வெள்ளிக்கிழமை

சபையோரே, சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்; முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நன்றியைச் சொல்கிறேன். கோபத்தை விழுங்கிவிட்டுச் சொன்னால் அது பாதி சாட்சிதான்.

என் பெயர் எஸ்தர். கருங்குழியில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகன் தானியேல், வயது இருபத்து மூன்று, முட்டுக்காடு படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறான். பிறக்கும்போதே அவன் இதயத்தில் ஒரு பக்கம் சரியாக வளரவில்லை. ஆறு வயதுக்குள் மூன்று ஆபரேஷன். நெஞ்சின் நடுவே நீளமாகத் தழும்பு. ரத்தம் உறையாமல் இருக்க அன்றிலிருந்து தினமும் ஒரு மாத்திரை. சோடா குடிக்கவே யோசிக்கிற பிள்ளை அவன்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்து, ஈரல் தடித்துத் தழும்பேறியிருக்கிறது என்றார்கள். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பயாப்ஸி.

"எத்தனை வருஷமா குடிக்கிற?" என்று கேட்டார் டாக்டர்.

"குடிக்கிறதே இல்ல சார்."

"அம்மா இருக்காங்கன்னு பொய் சொல்லாத."

"சார், இவனுக்கு இதயத்துல மூணு ஆபரேஷன் ஆகிகீது" என்றேன்.

"அது சின்ன வயசுல ஆனதும்மா. இப்ப பிரச்சினை ஈரல்ல. திங்கட்கிழமை வாங்க. விலாவுல ஒரு ஊசி, சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்."

மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சோறு சாப்பிடுவதுபோல் பழகிப்போனதால் அது ஒரு மருந்து என்பதே எங்களுக்கு மறந்திருந்தது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். நம் சபையில் ஜெபக் குறிப்பை ஒரே வரியில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், தெரியுமே. "மகன் தானியேலுக்கு ஈரல் வியாதி, திங்கட்கிழமை பரிசோதனை" என்று எழுதிப் போட்டேன். ஜெபம் நடத்திய சிஸ்டர் சீட்டை எடுத்து வாசித்தார். கண்ணை மூடினார். மைக்கில் உரக்க ஆரம்பித்தார்: "ஆண்டவரே, இந்த வாலிபனைப் பிடித்திருக்கிற குடியின் கட்டுகளை இப்பொழுதே அறுத்துப்போடும்!"

சபை முழுக்க ஆமேன். எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் பிள்ளை எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டான்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "இன்னா சிஸ்டர் பேசறீங்கோ? எம்புள்ள குடிச்சத யார் பார்த்தது? நெஞ்சுல மூணு ஆபரேஷன் ஆனவன் அவன்! ஈரல்னாலே குடியா?"

"சபையில சத்தம் போடக்கூடாதும்மா" என்றார் பாஸ்டர்.

"அவங்க மைக்ல போட்டாங்கோ, நான் வாயால போட்டேன், அவ்ளோதான் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தானியேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "எனக்கு எந்த டெஸ்டும் வாணாம்மா. செத்தாலும் குடிச்சிக் குடிச்சிச் செத்தான்னுதான் சொல்லுவாங்கோ" என்றான். மெஷின்மேல் தலையைச் சாய்த்து ஆண்டவரிடமே சண்டை போட்டேன். "உமக்கும் என் பிள்ளை குடிகாரன்தானா? அந்த இதயத்தை உண்டாக்கினது நீர்தானே? ஒரு ஆளை அனுப்பும். ஈரலைக் கேட்பதற்கு முன்னால் இதயத்தைக் கேட்கிற ஒரே ஒரு ஆளை அனுப்பும்."

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். கிருபா. நம் சபைக்குப் புதுசு, கடைசி வரிசையில் உட்காருபவள். சென்னையில் இதய வார்டு நர்ஸ்.

"அக்கா, நேத்து நானும் ஆமேன் சொல்ட்டேன். மன்னிச்சிடுங்க. நீங்க கத்துனப்ப மூணு ஆபரேஷன்னு சொன்னீங்களே, அது என்னை சும்மா வுடல." பிறகு தானியேல் பக்கம் திரும்பினாள். "தம்பி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறியா?"

"டெய்லி போடறன்." திங்கட்கிழமை விலாவில் ஊசி குத்திச் சதை எடுக்கப்போவதை நான் சொன்னேன்.

"ஊசின்னு சொன்னாங்களே, மாத்திரைய இன்னா பண்றதுன்னு கேட்டாங்களா?"

"யாருமே கேக்கல."

கிருபாவின் முகம் மாறிவிட்டது. "அங்க போவாதீங்கக்கா. அந்த மாத்திரையோட குத்துனா உள்ள ரத்தம் நிக்காது. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது. ஹார்ட் டாக்டரும் லிவர் டாக்டரும் கலந்து பேசித்தான் இத செய்யணும்."

குடியைக் கேட்காமல் மாத்திரையைக் கேட்டவள் என்பதால் தானியேலும் வரச் சம்மதித்தான். அந்தத் திங்கட்கிழமை அவளுடைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "சட்டையைக் கழட்டுப்பா, தழும்பைப் பார்க்கிறேன்." நான் அங்கேயே அழுதுவிட்டேன். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடம்பின் கீழ்ப்பாதி ரத்தம் இதயம் தள்ளாமல் தானாகவே நுரையீரலுக்குப் போகிறதாம். வருஷக்கணக்கில் அந்த அழுத்தம் ஈரலில் தேங்கி நின்று தழும்பாகிறதாம். "குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார்.

"அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

சில நாள் அங்கேயே படுக்க வைத்து மாத்திரையை மாற்றினார்கள். விலாவில் குத்தவில்லை. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஈரல்வரை இறக்கிச் சதை எடுத்தார்கள். ரத்தம் கசிந்தாலும் வயிற்றுக்குள் கொட்டாமல் குழாய்க்குள்ளேயே போகுமாம். இதய டாக்டர் பக்கத்திலேயே நின்றார். நடுவில் ஒருமுறை துடிப்பு தடுமாறி, பிறகு சரியாகிவிட்டது என்று வெளியே வந்து சொன்னார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

ஈரலில் தழும்பு இருக்கிறது. ஆனால் கைமீறிப் போகவில்லை, புற்றுநோயும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். "முழு சுகம் கிடைக்கலியே, விசுவாசம் பத்தல" என்று சிலர் என் காதுபடப் பேசினீர்கள். நான் கேட்டது ஒரு ஆளை. ஆண்டவர் அனுப்பினார், அதுவும் தப்பாக ஆமேன் சொன்ன கூட்டத்திலிருந்தே எடுத்து அனுப்பினார். என் பிள்ளை உயிரோடு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறான். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

டாக்டர் எழுதிய பேப்பர் இதோ. இதை மைக்கில்தான் வாசிப்பேன். டீக்கடைக்கும் கேட்கட்டும்.

நம்பிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். போன வெள்ளிக்கிழமை அதே சிஸ்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மைக்கை அணைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் நடந்து போய், "தானியேல், உனக்காக இன்னான்னு ஜெபிக்கட்டும்பா?" என்று கேட்டார்.

"கேட்டீங்களே ஆன்ட்டி, அதுவே போதும்" என்றான் என் பிள்ளை. அன்றைக்கு நான் சொன்ன ஆமேன்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.