கொக்கியில் இருந்த நீலம்

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அந்தக் கடையில் அவருக்குப் பெயர் குமிழி. எவர்சில்வர் தொட்டியில் காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி, அதில் பிறந்து நொறுங்கும் பொடிக் குமிழிகளால் அழுக்கெடுப்பது அவர் வேலை.

எல்லாத் திரவத்திலும் குமிழிகள் ஒரே மாதிரி கடிப்பதில்லை என்பதை, தொட்டிக்குள் அலுமினியத் தாளைத் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்து அவரே கற்றுக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழிகள் துளைத்துத் தாள் சல்லடையாகிவிடும். கொதிநிலையை நெருங்கினால் குமிழிக்குள் ஆவி நிறைந்து மெத்தை போல அமுங்கும்; தாளுக்கு ஒன்றும் ஆகாது. கெட்டியான எண்ணெயில் குமிழி லேசில் பிறக்காது. குழாயில் பிடித்த கையோடு ஊற்றிய தண்ணீரும் சோம்பேறிதான். அதில் கரைந்திருக்கும் காற்று வெளியேறும்வரை தொட்டியை வெறுமனே ஓடவிட வேண்டும். குமிழிகள் நொறுங்கும் இரைச்சல் மாறுவதற்காக அவர் காத்திருப்பார்.

பக்கத்து மேசையில் பேட்டரி மாற்றுபவருக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது.

"என்ன குமிழி, தண்ணிக்கு ஜோசியம் பாக்குறீங்களா? சட்டுபுட்டுனு போட்டு எடுங்க."

"நீங்க குளிக்கிற லட்சணத்துல நீங்க பேசாதீங்க."

வேலை முடிந்ததும், திரவம் ஊற்றித் தொட்டிக்குள் இறக்கும் கண்ணாடிக் குவளையை உடனே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் அவருக்கு. பேட்டரிக்காரரின் டீ கிளாஸ் கறையேறிக் கிடப்பதைக் கண்டால், திட்டிக்கொண்டே அதையும் சேர்த்துக் கழுவுவார்.

குமிழியின் தங்கை ஒருநாள் கடைக்கே வந்திருந்தாள். அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, இது நின்னுபோச்சு. ஓட வெச்சுக் குடு, போதும்."

அந்தப் 'போதும்' அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மச்சானுடைய கடிகாரத்தை அரைகுறையாகத் திருப்பிக் கொடுப்பதா? இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டுச் செயினைத் தனியே கழற்றினார். கொக்கியின் உள்மடிப்பில் நீலமாக ஏதோ அப்பியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அசையவில்லை. ஸ்பிரிட்டில் குமிழிகளுக்கு வலு குறைவு. இடுக்கில் நுழைந்தனவே தவிர, பெயர்க்கவில்லை. மூடிய சீசாவில் தின்னர் ஊற்றி ஊறவைத்து இளக்கினார். பிறகு காற்று நீங்கிய தண்ணீரைக் குவளையில் ஊற்றி, செயினைப் போட்டு, அதைத் தொட்டிக்குள் இறக்கினார். நீலம் செதில் செதிலாக உதிர்ந்து அடியில் படிந்தது. ஜெயித்த சந்தோஷத்தோடு அந்தத் தண்ணீரை வழக்கப்படி கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிக் குவளையைக் கழுவிக் கவிழ்த்தார்.

கடிகாரத்தைத் தங்கை வீட்டுக்கு அவரே எடுத்துப்போனார். அவள் காதில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கொக்கியைத் திருப்பிக் கட்டைவிரல் நகத்தால் தடவினாள்.

"அண்ணா, இங்க நீலமா ஒண்ணு இருந்துச்சே?"

"பெயின்ட் அழுக்கும்மா. படாதபாடு பட்டு எடுத்தேன்."

"எங்க வீட்டுக் கதவுக்கு அடிச்சது. நான் கேட்ட நீலம் வரலன்னு, டப்பா டப்பாவாக் கலக்கிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அந்த வீட்டையும் காலி பண்ணியாச்சு."

"தெரியாமப் போச்சேம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? விடு."

அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

நேராகக் கடைக்கு வந்தார். குவளை கவிழ்ந்தபடி பளபளத்தது. விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றார் பேட்டரிக்காரர்.

"இதைக் கழுவிட்டேன்."

"நல்லா இருக்கே! நான் கழுவலைன்னா திட்டுறீங்க, நீங்க கழுவினா அழுவீங்களா?"

குமிழி குவளையைப் பழையபடி கவிழ்த்து வைத்தார். பேட்டரிக்காரரின் டீ கிளாஸ் வழக்கம்போல் கறையோடு கிடந்தது. அன்று அதை அவர் தொடவில்லை.

கடிகாரம் இப்போது பிசகாமல் ஓடுகிறது. தங்கை கடைக்கு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். பேச்சின் நடுவே அவள் கட்டைவிரல் நகம் கொக்கியின் உள்பக்கத்துக்குப் போகும். அப்போதெல்லாம் அவர் தெருவைப் பார்ப்பார்.